தோட்டத்துக்காரர் ஏன் தடத்தை அடைக்கிறார்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் பேசியது)



இன்றைக்குக் கடன் கணக்கைப் பற்றிப் பேசப் போவதில்லை. போன கூட்டத்தில் சேமிப்பு, வசூல் எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கிற நேரத்தில், பல குழுக்காரர்கள் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "எங்க ஊர்ல தடத்தை அடைச்சுட்டாங்க." ஓர் இடத்தில் கம்பிவேலி. ஓர் இடத்தில் இரும்பு கேட்டு, அதில் பூட்டு. இன்னோர் இடத்தில் வழியையே உழுது சோளம் விதைத்தாகிவிட்டது. தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி மூடி வைக்கிற விஷயம் இல்லை இது என்று முடிவு செய்தோம்.

தடம் அடைபட்டால் முதலில் சிரமப்படுவது நாம்தான். ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு தார் ரோட்டைச் சுற்றிப் போய்விடுவார்கள். நாம் நடக்கிறவர்கள். காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு, மெயின் ரோட்டில் வந்து நிற்கிற பனியன் கம்பெனி வேனுக்கு, ரேஷன் கடைக்கு, களை வெட்டப் போகிற காட்டுக்கு. வரப்பு வழியாகப் பத்து நிமிஷத்தில் போகிற இடத்துக்குச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். வேன் நமக்காக நிற்காது. சொசைட்டியில் பால் அளக்கிற நேரம் முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை என்பது நல்ல விஷயம்தான், ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்குப் போக வழி வேண்டுமே? சுற்று வழி ஆள் நடமாட்டம் இல்லாத வழி, இருட்டினால் பயம் என்று பெண்பிள்ளையை எட்டாவதோடு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற வீடும் நம் குழுக்களில் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் நிறைய பேர் வீட்டுக்குச் சொந்தக் காடு, தோட்டம் உண்டு. தடத்தில் நடக்கிறவர்களும் நாம்தான், தடத்தை அடைத்த வீட்டுப் பெண்களும் நாம்தான். அதனால் "அவங்க கல் நெஞ்சுக்காரங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் ஒரு வேலியும் திறக்காது. அவர் எதற்குப் பயந்து அடைக்கிறார் என்று தெரிந்துகொண்டால்தான் எதைச் சொல்லித் திறக்க வைப்பது என்று தெரியும்.

நம் கொங்குச் சீமையில் பெரியவர்களைக் கேட்டால் இட்டேரியைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதில் கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்கும். நடுவில் மாட்டுவண்டி போகிற தடம். காட்டுக்குக் காடு அப்படி ஒரு தடம் இருந்தது. வேலி உயிர்வேலியாக இருந்தபோது கால் வைத்து நுழைகிற கடவு ஒன்று விட்டிருப்பார்கள். ஆள் நுழையும், மாடு நுழையாது. இன்றைக்குக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் ஒரே கோடு, கடவுக்கு இடமே கிடையாது. நிலம் ஏக்கர் கணக்கில் விற்ற காலம் போய் சென்ட் கணக்கில் விற்கிற காலம் வந்ததும், இரண்டு பக்கத்துக்காரரும் வருஷத்துக்கு ஓர் அடி உள்ளே தள்ளித் தள்ளி, பல ஊர்களில் இட்டேரி ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

சரி, அடைக்கிறவர் என்ன சொல்கிறார்? நாங்கள் சிலரிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். முதலில் வருவது வெள்ளாமைக் கவலை. சொட்டுநீர்க் குழாயை மிதித்துவிடுகிறார்கள், வரப்பு உடைந்து தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போய்விடுகிறது, ஆள் நடக்கிற வழியில் ஆடும் பின்னாலேயே வருகிறது. சாயங்காலம் ஆனால் பையன்கள் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுவிடுகிறார்கள், மாட்டுக் குளம்பில் ஏறிவிடுகிறது. இதெல்லாம் பொய் இல்லை. நம் வீட்டு ஆடும் அதில் உண்டு, நம் வீட்டுப் பையனும் உண்டு.

இரண்டாவது பயம் சமீபத்தில் கூடியிருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் தோட்டத்துச் சாளையில். அப்படி இருக்கிறவர்கள் இதைக் கேட்ட பிறகு ராத்திரி நாய் குரைத்தால் தூங்க முடியுமா? தடத்தில் யார் போனாலும் அவர்களுக்குத் திக்கென்று இருக்கிறது. பத்து வருஷமாக அதே வழியில் பால் கொண்டுபோகிற பெண்ணைக்கூட "யாரு அது?" என்று கேட்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. அவர்கள் இடத்தில் இருந்தால் நாமும் அப்படித்தான் கேட்போம்.

மூன்றாவதை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்த பிறகுதான் அது வரும். "இன்னைக்கு நடக்க விட்டா, நாளைக்கு உரிமைன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. அப்புறம் இந்த நிலத்தை விக்கவும் முடியாது, பங்கு பிரிக்கவும் முடியாது." எங்களுக்குத் தெரிந்தவரை இதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய பயம். இத்தனை வருஷம் சும்மா விட்டவர் மகன் காலத்தில் திடீரென்று அடைப்பதற்கு இதுதான் காரணம். நிலத்தை வாங்க வருகிற ஆள், "தடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறான்.

அந்தப் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான்.

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. நம் நிலத்துக்கோ வீட்டுக்கோ போக, இன்னொருவர் நிலத்தின் வழியாக, ஒளிவு மறைவில்லாமல், சண்டை சச்சரவில்லாமல், இடைவிடாமல், எங்கள் உரிமை என்ற முறையில் 20 வருஷம் நடந்திருந்தால் அந்த வழி நமக்கு உரிமையாகிவிடும். அரசு நிலம் என்றால் 30 வருஷம். இதில் "உரிமை என்ற முறையில்" என்பதைக் கவனியுங்கள். "அண்ணா, இப்படிப் போய்க்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொல்லி நடந்தால், அது அனுமதி. அனுமதியில் 20 வருஷம் நடந்தாலும் 50 வருஷம் நடந்தாலும் உரிமை வராது. கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஊர் முழுக்க நடக்கிற வழி வேறு வகை. சுடுகாட்டுக்கு, குளத்துக்கு, கோயிலுக்கு என்று காலங்காலமாக ஊரே நடந்ததென்றால் அது வழக்கத்தால் வந்த உரிமையாக இருக்கலாம், பொதுவழியாகவே இருக்கலாம். அதை ஒருவர் தனியாகத் தன் உரிமை என்று கேட்க வேண்டியதில்லை.

நிலத்தைப் பங்கு பிரிக்கும்போதோ ஒரு பாகத்தை விற்கும்போதோ, உள்ளே மாட்டிக்கொண்ட பாகத்துக்கு வேறு வழியே இல்லையென்றால், முன்பக்க நிலத்தின் வழியாகப் போக அதே சட்டம் வழி தருகிறது. இதற்கு 20 வருஷம் காத்திருக்க வேண்டாம். ஆனால் வேறு வழி கிடைத்துவிட்டால் இந்த உரிமை முடிந்துவிடும். சுற்று வழி தூரம், இது பக்கம் என்பது மட்டும் இதற்குப் போதாது.

இங்கிலாந்திலும் இதே 20 வருஷக் கணக்கு உண்டு. அங்கே ஊர் மக்கள் ஒரு நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி என்று 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் அங்கே சில நிலக்காரர்கள் வருஷத்தில் ஒரே ஒரு நாள் கேட்டைப் பூட்டி வைப்பார்களாம், கணக்கு ஓடக் கூடாது என்று. மீதி நாளெல்லாம் திறந்திருக்கும். இன்னும் சிலர் "இது அனுமதி வழி" என்று பலகை வைத்துவிடுகிறார்கள். பார்த்தீர்களா, சீமையிலும் நம் தோட்டத்துக்காரர் நினைப்பதையேதான் நினைக்கிறார்கள். ஆனால் உரிமை போய்விடுமோ என்று வருஷம் முழுக்க அடைக்காமல், ஒரு நாள் அடைத்தோ பலகை வைத்தோ வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. தடம் உண்மையிலேயே அவர் இரக்கத்தில் விட்ட தடம்தான் என்றால், அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம். "இந்த வழியில் தங்கள் அனுமதியின் பேரில் நடக்கிறோம், உரிமை கோரவில்லை" என்று குழுவின் பெயரில் ஒரு கடிதம். அவருடைய பெரிய பயம் அதோடு தீர்ந்துவிடும். சில ஊர்களில் வார்த்தையாலேயே இதைச் சொல்லித் திறக்க வைத்திருக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தால் அவருக்கு இன்னும் தெம்பு.

ஆனால், சகோதரிகளே, இந்த இடத்தில் நின்று கேளுங்கள். அந்தக் கடிதத்தை யோசிக்காமல் கொடுத்துவிடக் கூடாது. உங்கள் மாமியார் காலத்திலிருந்து யாரையும் கேட்காமல் நடந்த வழியாக இருக்கலாம். அரசாங்கக் கணக்கிலேயே வண்டிப்பாதை என்று இருக்கலாம். அப்படிப்பட்ட வழிக்கு "அனுமதி" என்று கையெழுத்துப் போட்டால் நம் கையாலேயே நம் உரிமையை எழுதிக் கொடுத்ததாகிவிடும். இப்போதெல்லாம் சிலர் தாங்களே ஒரு பத்திரம் தயார் செய்து, "சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா, கேட்டைத் திறந்து விடறேன்" என்று வருகிறார்கள். படிக்காமல் போடாதீர்கள். படித்தாலும் அன்றைக்கே போடாதீர்கள், குழுவில் வைத்துப் பேசுங்கள்.

அதனால் முதல் வேலை, தடம் எந்த வகை என்று பார்ப்பது. தடம் போகிற நிலத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு அதன் புல வரைபடத்தை எடுங்கள். இணையத்திலேயே பார்க்கலாம், இ-சேவை மையத்திலும் கேட்கலாம். பட்டா நிலத்துக்குள் வண்டிப்பாதையோ நடைபாதையோ இருந்தால் விட்டுவிட்டு வருகிற கோடாகவோ புள்ளிக் கோடாகவோ போட்டிருப்பார்கள். தடத்துக்கே தனிச் சர்வே எண் இருந்தால், 'அ' பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். 1980களில் யு.டி.ஆர். அளவை நடந்தபோது சில தடங்கள் பட்டாவோடு சேர்ந்துவிட்டன. அதனால் புதுக் கணக்கில் இல்லையென்றால், தாலுகா அலுவலகத்தில் பழைய வரைபடத்தையும் பழைய 'அ' பதிவேட்டையும் மனுக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களின் பழைய கிரயப் பத்திரமும் சாட்சிதான். நான்கெல்லையில் "தென்வடல் வண்டித்தடத்துக்குக் கிழக்கு" என்று ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரி போதும்.

கணக்கில் புறம்போக்குத் தடம் என்று இருந்தால் தோட்டத்துக்காரரிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை. அது அவர் நிலம் இல்லை. கிராம சபையில் மனு, தாசில்தாருக்கு மனு. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து எடுக்க வேண்டியது வருவாய்த் துறையின் வேலை.

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் போக முடியாது. தோட்டத்துக்காரரை அண்ணா என்று கூப்பிடுகிறவர்களும், ஐயா என்று கூப்பிடுகிறவர்களும் நம் குழுக்களில் சேர்ந்தே இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பதில் கிடைப்பதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே வரப்பில் ஒருத்தி நடந்தால் பயிர் மிதிபடாதாம், இன்னொருத்தி நடந்தால் மிதிபடுமாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழி தனியார் நிலத்தில் அடைபட்டதால், காலனிக்காரர்கள் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டி ஆற்றுப் பக்கம் இறக்கினார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் பரவி, உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட தடத்துக்குப் பயிர்க் கவலையும் கிடையாது, பாட்டில் கவலையும் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொதுவான பாதையையோ சுடுகாட்டையோ பயன்படுத்த முடியாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அங்கே அனுமதிக் கடிதப் பேச்சுக்கே இடம் இல்லை. அந்தக் குழு மட்டும் தனியாகப் போய் மனுக் கொடுக்காமல் கூட்டமைப்பே போக வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் கருத்து. காடு தோட்டம் உள்ள உறுப்பினர்களும் கூட வரவேண்டும்.

பேசித் தீர்க்கக்கூடிய தடங்களுக்கு வருவோம். நிறையத் தடம் அந்த வகைதான். பேசப் போகும்போது நாலு பேர் போனால் போதும். நாற்பது பேர் போனால் அவர் போலீசுக்குப் போன் செய்வார். முதலில் வீட்டு அம்மாவிடம் பேசுங்கள், பால் கறக்கிற நேரம் தவிர. யார் யார் நடப்பார்கள் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். சாளையில் தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு அந்தப் பெயர்ப் பட்டியல் பெரிய ஆறுதல். தினமும் காலையில் அந்த வழியில் போகிற பெண்கள் "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனால், தடம் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அவர்களே சொல்கிற நிலைமை வரும். அப்படி வந்த ஊர் நம் பகுதியிலேயே இருக்கிறது.

நடுக்காட்டில் போகிற தடத்தை வேலியோரமாக மாற்றிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்பார். பத்தடி கூட நடந்தால் என்ன, ஒத்துக்கொள்ளலாம். கம்பிவேலியில் பழைய மாதிரி ஒரு கடவு விடச் சொல்லுங்கள், கல்லுக்கு ஆகிற செலவைக் குழு ஏற்கலாம். நடப்பதற்கு விட்ட வழியில் பைக் ஓட்ட நமக்கு உரிமை இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பையன்களிடம் அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஆட்டைக் கயிறு பிடித்து ஓட்டுவது, பாட்டில் கிடந்தால் பொறுக்கி எடுப்பது இதெல்லாம் பேச்சுவார்த்தையில் நாம் கொடுக்கிற பங்கு. மருந்து அடித்த அன்றைக்கு வழியை மூட அவருக்கு இடம் கொடுங்கள், அது நம் உடம்புக்கும் நல்லது.

வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்திருந்தால் மட்டும் பேச்சுவார்த்தை வேண்டாம். பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். ஆள் செத்துப்போனதெல்லாம் அப்படித்தான். அன்றைக்கே மின்வாரியத்துக்கும் போலீசுக்கும் சொல்லிவிடுங்கள்.

பேசியும் திறக்கவில்லை, நம்முடைய உரிமைத் தடம் என்பதும் தெளிவு என்றால், வேலியை நாமே பிடுங்கக் கூடாது. வழக்கு நம் மேல் திரும்பிவிடும். ஆனால் தள்ளியும் போடக் கூடாது. அடைத்தது தெரிந்தும் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால் 20 வருஷத் தொடர்ச்சி அறுந்துவிடும். கோட்டாட்சியரிடம் போவதென்றால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். தடத்தால் அடிதடி வரும் என்கிற நிலைமையில் அவர் விசாரித்து உத்தரவு போடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 166ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 147. தினமும் நடக்கிற தடம் என்றால், புகார் கொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதில் நடந்திருக்க வேண்டும். நாலாவது மாதம் போனால் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் சிவில் கோர்ட்டுதான். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

குழுக் கடன் வாங்கி அஞ்சு சென்ட், பத்து சென்ட் நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரயப் பத்திரத்தில் மாமூல் வழித்தட பாத்தியம் எழுதியிருக்கிறதா, எந்தச் சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலம், நடக்க மட்டுமா வண்டிக்கும் சேர்த்தா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். "தடம் பிரச்சினை இல்லீங்க, எல்லாரும் போயிட்டுத்தான் இருக்கறாங்க" என்று புரோக்கர் சொல்வதை அவரையே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தடம் அடைபட்டிருக்கிற குழுக்கள் வருகிற பதினைந்தாம் தேதிக்குள் மூன்று விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். தடம் போகிற சர்வே எண், எத்தனை வருஷமாக நடக்கிறீர்கள் என்பது, அடைத்த தேதி. தேதி முக்கியம், மூன்று மாதக் கணக்கு அதிலிருந்துதான். புல வரைபடம் எடுக்கிற வேலையைக் கூட்டமைப்பின் கணக்காளர் பார்த்துக்கொள்வார். தடம் விட்டுக் கொடுத்திருக்கிற தோட்டத்து வீட்டு உறுப்பினர்களும் எழுதுங்கள், உங்களுக்கு என்ன தொந்தரவு என்று. அடுத்த கிராம சபைக்கு இரண்டு பட்டியலையும் சேர்த்தே கொண்டுபோகிறோம்.